இருபதில் ஒன்பது

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டு, சலவைக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிக்கொண்டு, ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தாள் அவள். கூட வந்த கணவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். பதினோரு வருஷம் சலவைக்கூடத்து வேனை ஓட்டியவன். சர்க்கரை நோய் பார்வையைப் பறித்ததில், எதிரே வருவது ஆளா கம்பமா என்று இப்போது தெரிவதில்லை. மாதக் கடைசிக்குள் அவள் உரிமம் வாங்கினால் வேன் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான்.

வண்டி அவள் கைக்குப் படிந்துவிட்டது. சலவைக்கூடத்து முற்றத்தில், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கணவன் அவளுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்திருந்தான். சாலை விதிகளையும் வாய்மொழியாகவே சொல்லி மனதில் ஏற்றியிருந்தான். அவன் காலத்தில் அதிகாரி எதிரே உட்காரவைத்துக் கேட்டார். இப்போது கம்ப்யூட்டர் கேட்டது, அவர்கள் பிழைக்க வந்த ஊரின் மொழியில். கடையில் பேசிச் சாமான் வாங்குமளவுக்கு அவளுக்கு அந்த மொழி வரும், எழுத்து வராது. படம் போட்ட ஐந்து கேள்விகளைப் பளிச்சென்று முடித்தாள். மற்ற பதினைந்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. குத்துமதிப்பாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்பது மதிப்பெண். பதினைந்து வேண்டும். மூன்று முறை தோற்றவர் இனி ஆறு மாதம் கழித்துத்தான் எழுத முடியும்.

கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் அவளுடைய மொழிக்காரிதான். கேள்வியைப் படித்துக் காட்டச் சொல்லி முன்பு இரண்டு முறையும் அவளிடம் கெஞ்சியாகிவிட்டது. இந்த ஊருக்குப் பிழைக்க வந்தால் இந்த ஊர் எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதும் சொன்னாள், இன்றும் சொன்னாள்.

"கத்துக்கறேன் மேடம். காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போனா ராத்திரிதான் வீடு. அதுக்கு நடுவுல எப்படியாவது கத்துக்கறேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள எப்படி மேடம் முடியும்?"

எழுத்தர் அவள் எழுதிய கேள்விகளைத் தன் திரையில் எடுத்தாள். விதி தெரியாமல்தான் தோற்றாள் என்று காட்டிவிடும் எண்ணத்தில், அதே கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால்? மழையில் பிரேக் பிடித்தால்? பள்ளிப் பேருந்து நின்றிருந்தால்? இவள் தயங்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபதில் பத்தொன்பது சரி.

எழுத்தரின் முகம் மாறிவிட்டது. எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடம் மன்றாடினாள். அவளுடைய தேர்வுக் கணக்கு மூடிவிட்டது, கம்ப்யூட்டர் போட்ட மதிப்பெண்ணை யாரும் தொட முடியாது என்று அவர் கையை விரித்தார்.

திரும்பி வந்தவள் வாசல்வரை கூடவே நடந்து, பெஞ்சில் இருந்தவனிடம் சொன்னாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு எல்லாம் தெரியுதுண்ணே. தப்பு எங்க மேல. ரோட்டு விதி தெரியுமான்னு கேக்க வேண்டிய இடத்துல எழுத்து தெரியுமான்னு கேட்டு அனுப்பிட்டோம். ஒருத்தருக்குப் புரியற மொழியில கேட்டாத்தான் அது பரீட்சை. இல்லேன்னா அது பூட்டின கதவு. இத்தனை நாளா அந்தக் கதவுக்கு நானும் காவல் நின்னிருக்கேன்."

அவன் தலையாட்டினான். மனைவி அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். மாதம் முடிய இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.