காலில்லாத திரை

1.
றுமைஸுக்குப் பிடரி வலித்தது. இந்தக் கதை பிறந்தது அந்த வலியில்தான். பெரிதாக ஒன்றும் தேட வேண்டாம். சாய்ந்தமருதில் கம்பியூட்டரில் வீடு கட்ட வரைபடம் கீறிக் கொடுப்பவன் அவன். புதிதாக வாங்கிய திரை, நிறுத்தக் கால் இல்லாமல், ஒரு சீமெந்துப் பையில் சாய்ந்து கிடந்தது. நாள் முழுக்கக் குனிந்தே கீறினான்.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: “கல்முனைக் கடைத்தெருவில் மழை கொட்டிய ஒரு...” மழைக்கு இங்கே வேலையில்லை. விட்டுவிட்டேன்.)

2.
திரையை விற்ற கடைக்காரர் பளீல். அண்ணனையும் அண்ணன் வயதுக்காரரையும் எங்கள் பக்கம் காக்கா என்போம்.

“காலு தனி விலை, தம்பி.”

“காலில்லாத மாட்ட ஆரு வாங்கிற, காக்கா?”

“மாடு நடக்கும். இது செவத்துல தொங்கும். தொங்கிற சட்டம் காலவிட மலிவு. கொண்டு போங்க.”

[பளீலைக் கள்ளனாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சொந்தச் சுவர் உள்ளவன் காலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?]

3.
சட்டத்தை மாட்ட றுமைஸ் வீட்டுச் சுவரில் நான்கு துளை போட்டான். பூச்சு பாளம் பாளமாக இறங்கியது. மேசன் வேலை செய்யும் வாப்பா, தோள் பலம் விழுந்த பிறகும் தன் கையால் பூசிய சுவர் அது. வீடு தங்கச்சி அப்னாவின் பேரில் எழுதியாயிற்று. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்.

அப்னா தரை கூட்டும் தும்புத்தடியோடு வந்து நின்றாள்.

“என்னட்டக் கேட்டீங்களா, காக்கா?”

“உம்மாட்டக் கேட்டன்.”

“உம்மாட ஊடா இது?”

“உன்ட கலியாணம் முடியுமட்டும்...”

“முடியுமட்டும்?”

றுமைஸ் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கடற்கரை மணலில் சாந்து குழைத்துத் துளைகளில் அப்பினான். மேசனின் மகன் செய்யக்கூடாத வேலை. உப்புப் பூத்து அதுவும் உதிர்ந்தது.

4.
ஒரு முடிவு: திரையையும் காலையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று றுமைஸ் கடையில் சண்டை பிடிக்கிறான், பளீல் மனமிரங்கிக் காலைச் சும்மா கொடுக்கிறார். நான் நம்பவில்லை.

இன்னொன்று: அப்னா சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் ஒரு கலண்டரை... கை நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

றுமைஸ் பக்கமும் நியாயம் உண்டு. பிறந்த வீடு தங்கச்சிக்கு, கலியாணம் முடித்துப் போகும் வீடு மனைவிக்கு. எங்கள் ஊர் ஆம்பிளைக்கு ஆணியடிக்கச் சுவர் கிடையாது. திரையோடு கால் பெட்டிக்குள்ளேயே வரத்தான் வேண்டும். இந்த நியாயம் பளீலிடம் செல்லும். அப்னாவிடம் செல்லாது.

5.
நாளைக்கு அப்னாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருகிறார். அலுமாரியை நகர்த்தி உதிர்ந்த இடத்தை மறைப்போம் என்கிறார் இவர்களின் உம்மா.

“மறைக்க வேணாம். கேட்டா, காக்காட வேலையெண்டு செல்லுவன்,” என்றாள் அப்னா. றுமைஸ் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் நடப்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: றுமைஸ் அப்னாவுக்கு ஒரு சுவர் தர வேண்டும். இன்னும் தரவில்லை.