இடது கை

"முதல்ல எதை உள்ள கொண்டு போறது? இதையா, அதையா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

இது என்றால் அண்ணன் படுத்திருந்த பெட்டி. அது என்றால் அண்ணனுடைய டபுள் பாஸ், வயலினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கின மாதிரி ஒரு வாத்தியம். உறை மாட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே நீளவாக்கில் கிடந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். பாஸ்தான் கொஞ்சம் குண்டு.

"பாஸைக் கொண்டு போங்க," என்றாள் பாப்பா. "எந்த ஊருக்குப் போனாலும் அதை இறக்கி வச்சுட்டுத்தான் அவன் இறங்குவான். இன்னிக்கு மட்டும் என்ன புதுசா?"

அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவளை இன்னும் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் வைத்த பெயர். நல்ல பெயர் ஒன்று இருந்தது, அது இசைத்தட்டு உறையில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே பியானோவுக்கு நேராக அவள், பாஸுக்கு நேராக அவன்.

வண்டியை விட்டு இறங்கிய அண்ணி, "மெதுவா, மெதுவா. கழுத்து பத்திரம்," என்று குரல் கொடுத்தாள். தூக்க வந்த இருவரும் மரியாதையோடு பெட்டியைப் பார்த்தார்கள். "அவருக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. நான் பாஸைச் சொன்னேன்," என்றாள் அண்ணி.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தாள்.

அண்ணனுக்கு வழியனுப்பு அவர்கள் வாராவாரம் வாசித்த கிளப்பிலேயே நடந்தது. அண்ணியின் முடிவு அது. மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். மேடையில் பாஸ் அதன் வழக்கமான இடத்தில் உயரமான ஸ்டூல் மேல் சாய்ந்து நின்றது. பின்னால் கவுன்ட்டரில் காபி மெஷின் முன்னால் எப்போதும் போல கவுன்ட்டர்காரர் நின்றார். இன்று மட்டும் டை கட்டியிருந்தார்.

அண்ணன், பாப்பா, இன்னும் இருவர் என்று அந்த ஜாஸ் குழுவின் நால்வரும் சேர்ந்தது ஒரு ஓட்டல் வரவேற்பறையில். சாக்ஸபோன்காரர் போலீஸ் பேண்டிலிருந்து விலகி வந்தவர். குழு அவர் பெயரில் ஓடியதால் அண்ணன் அவருக்குத் தலைவர் என்று பட்டம் கட்டினான். பாதி மரியாதை, பாதி குத்தல். டிரம்ஸ்காரர் பஞ்சு போல் வாசிப்பார், அதனாலேயே அவருக்கு இடி என்று பெயர். அண்ணன் பகலில் நாற்காலி மேஜை விற்றான், சாயங்காலம் பாஸ் வாசித்தான். விருந்தாளிகள் பேசுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பது ஓட்டல் மேனேஜரின் ஒரே நிபந்தனை. "அந்த நிபந்தனையை நான் ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் காப்பாத்தறேன்," என்பான் அண்ணன். அதற்குப் பிறகு கல்யாண வரவேற்புகள், ஆடும் கப்பலில் கயிறு போட்டுக் கட்டிய டிரம்ஸ், வானொலி, இசைத்தட்டு, கோட்டு சூட்டு, வெளியூர் மேடைகள். பணம் வந்தது, போனது. நால்வரில் ஒருவரும் விலகவில்லை.

நிபந்தனையைப் பற்றி அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஜாஸில் முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பாட்டின் மேல் தன் கற்பனையை ஒரு சுற்று ஓடவிடுவார்கள், அதுதான் சோலோ. சாக்ஸபோன் ஊதினால் ஜனம் நிமிர்ந்து உட்காரும். பியானோவுக்குத் தலையாட்டும். பாஸின் முறை வந்ததும் மற்ற மூவரும் நிறுத்திவிடுவார்கள், இடியின் கால் மட்டும் மிதிகட்டையால் சிம்பல் தட்டை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். உடனே ஜனம் பேச ஆரம்பித்துவிடும். உலகத்தில் எந்த ஊரானாலும் இதுதான். பாஸ் சோலோ என்றால் பேச்சு. கவுன்ட்டர்காரரும் அப்போதுதான் காபி மெஷினைத் திருகுவார். முன்வரிசையில் அண்ணி மட்டும் திரும்பி, "ஷ்ஷ்!" என்பாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தலைவர் வாத்தியத்தை மாட்டிக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"ஆள் ஒருத்தர் சொல்லி வச்சிருக்கேன் பாப்பா. நல்ல கை. நம்ம பாட்டெல்லாம் தெரியும். ஒரு போன் போட்டா வந்துடுவார்."

"எங்க? இங்கயா? இவன் பாட்டுக்குக் கீழ படுத்திருப்பான், இவன் இடத்துல இன்னொருத்தர் நின்னு வாசிப்பாரா? நல்லாருக்கு நியாயம்!"

"அஸ்திவாரம் இல்லாம வீடு கட்டச் சொல்றியா?"

"என் இடது கை எதுக்கு இருக்கு?"

மூலையில் சிம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த இடி தலை நிமிர்ந்தார். "அம்மா தாயே, மெதுவாப் பேசு. அவர் காதுல விழுந்தா எழுந்து உக்காந்துடுவார்."

தலைவர் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

பியானோவில் இடது பக்கம் கனத்த சுரங்கள், பாஸின் எல்லை. பாப்பாவின் இடது கை சும்மா இராது. வரப்பைத் தாண்டும் மாடு மாதிரி அண்ணனின் எல்லைக்குள் போய் மேயும். அவன் அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பவன். "கையை எடு" என்பான் பல்லைக் கடித்துக்கொண்டு. எடுக்க மாட்டாள். ஒரு தடவை ஆயிரம் பேர் முன்னால் வில்லால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினான். ஜனம் அது நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. அவள் அடுத்த ஊர் வரைக்கும் அவனோடு பேசவில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் கட்டிலின் கம்பியில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள், தன்னை அறியாமல். அவன் கண்ணைத் திறந்தான். அவள் குனிந்தாள். தண்ணீர் கேட்பான் என்று நினைத்தாள்.

"இடது கை," என்றான். "மடியில வை."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. விடிவதற்குள் போய்விட்டான். 'ஊர்ல அண்ணன்காரன் எல்லாம் சாகும்போது நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போவான். எனக்குன்னு வாய்ச்சது பாரு' என்று அவள் அண்ணியிடம் சொல்லி அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "எனக்கு அதுவும் சொல்லல," என்றாள்.

தலைவர் இப்போது எழுந்து நின்றார். "சரி பாப்பா, வெளிப்படையாப் பேசிடுவோம். அடுத்த மாசம் டூர் இருக்கு. இன்னிக்கு உன் இடது கை தாங்குச்சுன்னா, டூருக்கும் மூணு பேராவே போவோம். அவர் இடத்துல யாரும் நிக்க வேண்டாம். தாங்கலைன்னா நான் ஆளைக் கூப்பிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"தாங்கும்," என்றாள் பாப்பா. அவளுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனின் இடம் அவள் கையில்தான் இருந்தது. அதை வேறொருவனிடம் கொடுப்பதா இல்லையா என்பது இன்னும் சற்று நேரத்தில் முடிவாகிவிடும்.

"'மூணாவது மாடி'தானே?" என்றார் இடி.

"அதேதான். பாட்டு, என் சோலோ, பாப்பா சோலோ, திரும்பப் பாட்டு. அவ்வளவுதான். பாஸ் சோலோ கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் தலைவர்.

'மூணாவது மாடி' அண்ணன் கட்டிய பாட்டு. லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருந்தபோது தினமும் பாஸைச் சுமந்து ஏறியதில் பிறந்தது. மெட்டு நாலு படி ஏறும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி ஏறும்.

மேடையேறினார்கள். நாற்காலிகள் நிறைந்து பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். முன்வரிசையில் அண்ணி, மடியில் கைப்பை, முதுகு நேராக. பாப்பா இடது பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

இடி நாலு எண்ணினார். பாட்டு கிளம்பியது.

இடது கை இறங்கி நடக்க ஆரம்பித்தது. முதல் படியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தடுமாறவில்லை. அண்ணன் எங்கே கால் வைப்பானோ அங்கே வைத்தது, எங்கே மூச்சு வாங்குவானோ அங்கே நின்றது. இத்தனை வருஷம் அவன் தோளுக்குக் கீழே உட்கார்ந்து திட்டு வாங்கிய கை, அவன் வித்தையை எல்லாம் திருடி வைத்திருந்தது. தலைவர் அதன் மேல் ஏறிக்கொண்டு ஊதினார். புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார். பலே என்று அர்த்தம்.

அவள் சோலோ வந்தது. வலது கை பறந்தது, இடது கை சுமந்தது. தாங்குகிறது, பார்த்தாயா, தாங்குகிறது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டாள். அந்தக் கர்வம் தலைக்கு ஏறின வேகத்திலேயே இறங்கியது. அவன் இல்லாமலும் தாங்குகிறதே. இத்தனை சுலபமா? அவளுக்குத் தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. வாசிப்பு மட்டும் பிசகவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சோலோவை முடித்தாள்.

முடித்த இடத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது.

திரும்பப் பாட்டுக்குப் போயிருக்க வேண்டும். தலைவர் போகவில்லை. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, ஓரடி பின்வாங்கி, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடி குச்சிகளைத் தூக்கிவிட்டார், கால் மட்டும் சிம்பலைத் தட்டியது. பாப்பா இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். மூவரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல். சொல்லி வைத்தாலும் இப்படி ஒழுங்காக நிறுத்தியிருக்க முடியாது. காலமெல்லாம் செய்த பழக்கம். பியானோ முடிந்தால் பாஸ்.

பாஸ் ஸ்டூலில் சாய்ந்து நின்றது. இடியின் கால் தட்டிக்கொண்டே இருந்தது.

தலைவருக்கு உறைத்துவிட்டது. முகம் வெளுத்தது. 'நீ எடுத்துக்கொள், நிரப்பு' என்று கண்ணால் பாப்பாவைக் கெஞ்சினார். நிரப்ப முடியும். ஒரு சுற்று என்ன, ஒன்பது சுற்று வாசிக்கும் அந்தக் கை. அவள் அதைக் கனத்த சுரங்களின் மேல் கொண்டுபோனாள்.

அப்போது பின்னால் காபி மெஷின் சீறியது. கவுன்ட்டர்காரர், பாவம், யோசித்துச் செய்யவில்லை. யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, "வண்டியை எங்க நிறுத்தினீங்க?" என்று கேட்டார். இன்னொரு மூலையில் ஒரு கிசுகிசுப்பு. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மெல்ல, வழக்கம் போல, சபை பேச ஆரம்பித்தது.

அண்ணி திரும்பினாள். நாற்காலியில் முழு உடம்பையும் திருப்பி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள்.

"ஷ்ஷ்!" என்றாள்.

சபை அடங்கியது. கவுன்ட்டர்காரர் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் கவுன்ட்டர் மேல் வைத்துக்கொண்டார்.

பாப்பா இடது கையை மடியில் வைத்தாள். பக்கத்தில் வலது கையையும் வைத்தாள். இடியின் கால் நாலு படி ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. ஒருவரும் பேசவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். சுற்று முடியும்போது அண்ணன் எப்போதும் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவான், வாங்க என்று. யாரும் தலையாட்டவில்லை. மூவரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு தலைவர் பியானோ ஓரம் வந்தார்.

"தாங்குச்சு பாப்பா. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். மூணு பேராவே போவோம்."

"வேண்டாம். அந்த ஆளுக்குப் போன் போடுங்க."

"என்னம்மா இது? கொஞ்ச நேரம் முன்னாடி அந்த ஆட்டம் ஆடினே?"

"ஆடினேன். இப்ப வேண்டாம்ங்கறேன். என் இடது பக்கம் ஒரு ஆள் நிக்கணும். அவருக்குத் திட்டத் தெரியுமா?"

தலைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "உன் கூட ரெண்டு நாள் வாசிச்சா தானா வரும்," என்றார்.

அண்ணி மேடைக்கு ஏறி வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பாஸின் கழுத்தில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "வர்றவர் இதையே வாசிக்கட்டும். சும்மா கிடந்தா மரம் விரிசல் விட்டுடும்," என்றாள். தன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

வெளியே வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியை ஏற்றினார்கள். அவர் கதவை மூடாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருந்ததே, அது வரலையா?"

"வரல," என்றாள் பாப்பா. "அதுக்கு வேலை இருக்கு."

அவளும் அண்ணியும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நீள சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். பாஸ் கிடந்த இடம் காலியாக இருந்ததால் கால் நீட்ட வசதியாக இருந்தது. வண்டி கிளம்பித் திருப்பத்தில் மெதுவானது, பிறகு வேகம் பிடித்தது. பாப்பாவின் வலது கை பெட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. இடது கை மடியில் இருந்தது.