அரங்கநாதன் சாரின் ரத்த ஓட்டப் பாடம்

1948 ஆகஸ்டில் இன்னாசிமேரி அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, துணிப்பெட்டியைவிட வைக்கோல் திணித்த மரப்பெட்டியைத்தான் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதற்குள் மாஜிக் லாந்தர் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடித் தகட்டுப் படங்களைச் சுவரில் பெரிதாக விழவைக்கும் கருவி. திருச்சி கல்வி ஆபீசிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். நான்காம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, விஞ்ஞானத்தை இனித் தமிழில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு. அதுவரை இங்கிலீஷில் நடத்திவந்த வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடத்தைத் தமிழில் அமைத்துக் கொடுப்பதும், படம் காட்டி நடத்தப் பழக்குவதும் அவள் வேலை. ஒரு பள்ளிக்குப் பத்து நாள். பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து மாதிரிப் பாடம் பார்ப்பார்.

அவளுக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் பக்கத்தில் வரதராசன்பேட்டை. இதுதான் அவளுக்கு முதல் பள்ளி. இங்கே சொதப்பினால், ஒரு பெண்ணை அனுப்பியதே தப்பு என்று ஆபீசில் பேசுவார்கள். அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஞ்ஞான வாத்தியார் அரங்கநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்து மூன்று வருஷமாக அதே பள்ளியில் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. நான் பாத்துக்கிறேன்."

ரத்த ஓட்டப் பாடத்தை அவள் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் கேட்டபோது, "பாத்தேன், நல்லாருக்கு" என்றார். ஆனால் வகுப்பில் பழைய இங்கிலீஷ் பாடத்தையே ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். பிள்ளைகள் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள் மாலை அவள் ஆபீசுக்கு எழுத ஆரம்பித்தாள்: 'ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை.' அந்த ஒரு வரி அவரை என்ன செய்யும் என்று தெரிந்ததால் அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

ஆறாம் நாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருதயம் தெளிவா விழுந்திருக்கு."

இன்னாசிமேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெல்லச் சொன்னாள்: "சார், அது நுரையீரல்."

அவர் தகட்டை மேஜைமேல் வைத்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு வருஷமா ரெண்டு கண்லயும் பொறை விழுந்து மறைக்குது. இங்கிலீஷ் பாடம் மனப்பாடம், ஓட்டிட்டேன். நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம் எனக்கு வெறும் வெள்ளைக் காயிதம்தாம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போவலாமே சார்?"

"லீவுக்குக் காரணம் எழுதணுமே. கண்ணு தெரியாத வாத்தியாரை வச்சுக்குவாங்களா? கத்தி வச்சு, இருக்குற கொஞ்சமும் போயிட்டா? ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இருக்கு. தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் தகட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வெளியே சொன்னால் அவர் வேலை போகும். மறைத்தது தெரிந்தால் தன் வேலையும் சேர்ந்து போகும். அன்று மாலை கால் அவளைப் பஜார் பக்கம் இழுத்துப்போய், கடைசியில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தியது. அவர் மனைவி சிந்தாமணிதான் கதவைத் திறந்தாள்.

"சார்கிட்ட சொல்லுங்கம்மா, பாடத்தை நான் வாசிக்கிறேன். அவரு காதால கேட்டா போதும்."

நான்கு மாலைகள் அப்படியே போயின. அவள் வாசிப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் திருப்பிச் சொல்வார். இரண்டாம் நாளே அவர் குறுக்கிட ஆரம்பித்துவிட்டார். "இந்த இடத்துல இருதயத்தைச் சொல்லாதீங்க. முதல்ல ரத்தம் எங்க போவுதுன்னு சொல்வோம். அப்புறம் அதைத் தள்ளுறது எதுன்னு பசங்களே கேப்பாங்க." அவள் எழுதியதைவிட அவர் மாற்றியது நன்றாக இருந்தது. பன்னிரண்டு பக்கம் ஏழானது. தகடுகள் எந்த வரிசையில் வரும் என்பதையும் மனப்பாடம் செய்தார். படம் மாறும்போது அவள் லாந்தரின் சட்டத்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. "அரங்கநாதன் பழகிட்டாராம்மா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்கும்போதெல்லாம், "நல்லாப் பழகிட்டார் சார்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

பத்தாம் நாள் ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி கட்டினார்கள். இருட்டில் நாற்பது பிள்ளைகள், கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர். விளக்குச் சூட்டில் இன்னாசிமேரியின் நெற்றி வேர்த்தது. முதல் மூன்று படங்கள் தடங்கலில்லாமல் போயின. அரங்கநாதன் சுவரைப் பார்த்து நின்று, எல்லாம் தெரிகிறவர் போலவே பேசினார்.

நான்காவது இருதயம். தகட்டைச் செருகிச் சட்டத்தைத் தட்டினாள். அவர், "இதோ பாருங்க, நாலு அறை..." என்று ஆரம்பித்த அதே நேரம், சூடு தாங்காமல் கண்ணாடி டக்கென்று வெடித்தது. சுவரில் வெறும் வெளிச்சம்தான் நின்றது. அவர் அதைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். முன் பெஞ்சில் யாரோ ஒருவன் சிரித்தான்.

அவள் உரக்கச் சொன்னாள்: "சார், இருதயப் படம் வெடிச்சிடுச்சு. சுவத்துல ஒண்ணுமில்லீங்க."

அவர் நின்றார்.

"சரி. படம் வேண்டாம்," என்றார். "எல்லாரும் இடது மணிக்கட்டுல ரெண்டு விரல் வைங்க. அழுத்தாதீங்க. துடிக்குதா? எண்ணுங்க."

வகுப்பு அடங்கிப்போனது. பிறகு எழுந்து அந்த இடத்திலேயே இருபது தடவை குதிக்கச் சொன்னார். மறுபடி எண்ணச் சொன்னார். "ஏன் சார் வேகமா அடிக்குது?" என்று ஒருவன் கேட்டான். அந்த வருஷம் அந்த வகுப்பில் தமிழில் எழுந்த முதல் கேள்வி அது.

கம்பளிகளை அவிழ்த்ததும் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். "பிரமாதம் சார். இதை மத்தப் பள்ளிக்கும் அனுப்பலாம்." மேஜையிலிருந்த பாடக்குறிப்பை எடுத்து அரங்கநாதனிடம் நீட்டினார். "முதல் பக்கத்தைக் கொஞ்சம் படிங்க."

"நான் படிக்கிறேன் சார்," என்றாள் இன்னாசிமேரி.

"நடத்தினவரே படிக்கட்டும்மா."

அரங்கநாதன் நோட்டைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

"என்னால படிக்க முடியாதுங்க. கண்ணு தெரியல."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆறாம் நாள்லேர்ந்து."

"ஏன் எழுதல?"

"பாடத்தை அவரால நடத்த முடியும்னு எனக்குத் தெரிஞ்சுது சார். அதை நீங்களும் பாத்துட்டா, அப்புறம் எது எழுதினாலும் சரியா இருக்கும்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. அரங்கநாதன் திருச்சியில் கண் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், பார்வை சரியென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வகுப்பு. இன்னாசிமேரிக்கு, உண்மையை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ. அவள் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். பதில் வராத ஐந்து வாரமும் தபால்காரர் மணியைக் கேட்டாலே வாசலுக்கு ஓடினாள். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். பெரம்பலூர்ப் பள்ளிக்குப் போகச் சொல்லி உத்தரவும் கூடவே இருந்தது.

அரங்கநாதனுக்கு இடது கண் தேறவில்லை. வலது கண் தேறியது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் சிந்தாமணியோடு பெரம்பலூருக்குப் பஸ்ஸில் வந்திறங்கினார். மூக்கில் தடித்த கண்ணாடி. பள்ளி வராந்தாவில் இன்னாசிமேரியைக் கண்டதும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வகுப்புக்குப் போறேம்மா. ஜீரணப் பாடம், நானே தமிழ்ல எழுதியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

எழுத்துகள் பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்கி ஓடின. அவள் நின்றபடியே மூன்று பக்கம் படித்தாள்.

"நல்லா வந்திருக்கு சார். ஆனா கல்லீரலை விட்டுட்டீங்களே?"

"விட்டுட்டேனா? எங்க, குடுங்க," என்று அவர் நோட்டை வாங்கி வலது கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.