ஸ்டெல்லன் காருக்குப் பதினாலு சீட்டு

போன வருடம் ஸ்டெல்லனின் துருப்பிடித்த வால்வோவுக்குப் பதினாலு சீட்டு விழுந்தது. ரூனேயின் காருக்கு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து ரூனேக்குக் காப்பி கசந்தது.

ஸ்மோலாண்டு வட்டாரத்தின் சரளைத் தடத்தில் கார்ப் பந்தயம் ஓட்ட வருகிற எவரும் இதிலிருந்து தப்ப முடியாது: பந்தயம் முடிந்ததும், ஓட்டிய எவரும் எவருடைய காரையும் வாங்கக் கேட்டுச் சீட்டு எழுதிப் போடலாம். விலை எல்லாக் காருக்கும் ஒன்றே. குலுக்கலில் பெயர் வந்தவருக்குக் காரைக் கொடுத்தே ஆகவேண்டும். யாரும் காரில் காசைக் கொட்டக்கூடாது என்பதற்காக வைத்த விதி. ஜெயிப்பதைவிடச் சீட்டு விழுவதுதான் அங்கே கௌரவம்.

ரூனே கொட்டினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வண்டியில், குளிர்காலம் முழுக்கச் செலவழித்து, பெரிய கார் ஒன்றின் டர்போ இன்ஜினை இறக்கினார். விதி வைத்த விலையைப்போல் எட்டு மடங்கு போனது.

"காரை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களே, அத்தான்?" என்றாள் மனைவியின் தங்கை இல்வா. அவளும் பந்தயம் ஓட்டுகிறவள்.

"போகட்டும். ஸ்டெல்லன் முன்னாடி எண்ணணும், பதினஞ்சு. எதுக்கும் நீ ஒரு சீட்டுப் போட்டுவை. ஆரம்பிச்சுவிட ஒரு கை வேணும்ல."

சனிக்கிழமை இன்ஜின் உறுமியபோது தொத்திறைச்சிக் கடை வரிசையே திரும்பிப் பார்த்தது. ரூனேயின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. கொடி அசைந்தது. முதல் வளைவு இடப்பக்கம் திரும்பியது. பெரிய இன்ஜினால் மூக்குக் கனத்துப்போன ரூனேயின் கார் திரும்பவில்லை. மண்மேட்டில் ஏறி நின்றது. போன வருடக் கார் கைமாறியபின் வாங்கிய இன்னொரு பழைய வால்வோவில், அது பிறந்தபோது வந்த அதே இன்ஜினோடு, ஸ்டெல்லன் சாவகாசமாக முதலாவதாக வந்தான்.

ஒலிபெருக்கியில் பட்டியல் வாசித்தார்கள்.

"ஸ்டெல்லன் கார், பத்தொன்பது சீட்டு. ரூனே கார், ஒண்ணு. போட்டது இல்வா."

"ரூனே, கொழுந்தியா மட்டுந்தானா? மாமியாரை மறந்துட்டியே!" என்று யாரோ கத்த, மைதானமே குலுங்கியது.

குலுக்கலில் ஸ்டெல்லனின் கார் யாரோ ஒரு பெண்ணுக்குப் போனது. அவன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் ரூனேக்கு எரிந்தது. ஒரே சீட்டு விழுந்த ரூனே காரின் சாவி, குலுக்காமலே இல்வா கைக்கு வந்தது.

"சரி இல்வா, விளையாட்டு முடிஞ்சது. சாவியக் குடு."

"காசு கட்டியாச்சு அத்தான். விதி."

"அந்த இன்ஜின் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதைக் கழட்டி வித்துட்டுச் சின்னதா ஒண்ணு போடப்போறேன். வண்டி நல்ல வண்டிதான், பாவம், நீங்கதான் அதுக்குத் தொப்பை வெச்சுட்டீங்க."

ஸ்டெல்லன் காப்பிக் கோப்பையோடு வந்து காரைச் சுற்றி நடந்தான். குனிந்து அடியில் பார்த்தான்.

"அடிப்பாகம் கெட்டியா இருக்கு. நீ ஓட்டினா பறக்கும் இல்வா. அடுத்த பந்தயத்துல இதுக்கு முதல் சீட்டு என்னோடது."

வருடம் முழுக்க ரூனே காத்திருந்த வார்த்தை அது. ஸ்டெல்லன் வாயிலிருந்தே வந்துவிட்டது. கொழுந்தியாளைப் பார்த்து.

ரூனே கயிற்றை இழுத்துக் காரைத் தன் வண்டிக்குப் பின்னால் கோத்த இழுவண்டியில் ஏற்றிக் கட்டினார். இல்வா வீடுவரை அவர்தான் ஓட்டவேண்டும். வழியெல்லாம் அவள் அடுத்த பந்தயத்தில் தன் காருக்கு எத்தனை சீட்டு விழும் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ரூனேக்கு இப்போது ஸ்டெல்லன்மேல் கோபமே இல்லை; அது பக்கத்து இருக்கைக்கு இடம் மாறியிருந்தது.


இருபது என்று அவள் சொன்னபோது, வானொலியைச் சத்தமாக வைத்தார்.