எழுபதுக்கு முப்பது

"அமெரிக்காவை வச்சு நீ என்னட்டி பண்ணப் போற?"

என் அண்ணன் மகாராஜன் இதைக் கேட்டது போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தமும் வந்தது. நான் தறிக்கு நூல் சுற்றும் தார் மிஷினில் உட்கார்ந்து தறிக்காரர் வீட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடியும் சுற்றினேன்.

அவன் அமெரிக்கா என்று சொன்னது என் பேரில் இருக்கும் ஒரு பண்டை. அந்த நாட்டில் பெரிதாக இருக்கும் கம்பெனிகளில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கும் இண்டெக்ஸ் பண்டு. அது என் கைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் எனக்கு ஏன் அன்றைக்கு அப்படிப் பற்றி எரிந்தது என்பது விளங்கும்.

என் அப்பா இசக்கிப்பாண்டி மின்வாரியத்தில் கம்பம் ஏறி வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது மொத்தமாகப் பணம் வந்தது. சிலர் வட்டிக்கு விடச் சொன்னார்கள். சிலர் சீட்டுப் போடச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணன், இண்டெக்ஸ் பண்டு என்றான். பத்தில் ஏழு பங்கு நம் நாட்டுப் பண்டில், மூன்று பங்கு வெளிநாட்டுப் பண்டில். போட்டுவிட்டு இருபது வருஷத்துக்கு மறந்துவிட வேண்டும் என்றான்.

அப்பாவுக்கு வெளிநாடு பிடிக்கவில்லை. கண்ணால் பார்க்காத ஊரில் எதற்குக் கொண்டுபோய்ப் பணத்தைப் போடுவது என்றார். அண்ணன் அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னான். எங்களுக்கு வாசுதேவநல்லூரில் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை உண்டு. குருவிகுளம் பக்கம் கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை உண்டு. குளம் பெருகாத வருஷத்தில் புஞ்சை உளுந்து காப்பாற்றியிருக்கிறது. மழை மிஞ்சிப் புஞ்சையில் உளுந்து அழுகிய வருஷத்தில் வயல் நெல் காப்பாற்றியிருக்கிறது. ரெண்டும் ஒரே வருஷத்தில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்றார் அப்பா. அந்த ஒரு தடவையைத் தாண்டுவதற்குத்தான் இருபது வருஷம் என்றான். அன்றைக்கு அவன் பேசியதைக் கேட்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை, ஆடித்தபசு முடிந்ததும் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எது எழுபது முப்பதைத் தாண்டி ஏறியிருக்கிறதோ அதில் கொஞ்சம் விற்று, இறங்கியிருப்பதில் போட வேண்டும். அப்பா இதற்குப் புலம்பாத வருஷம் இல்லை. "காய்க்குத மரத்த வெட்டி காய்க்காத மரத்துக்கு உரம் வைக்கச் சொல்லுதான் பாரு" என்பார். புலம்பிக்கொண்டே செய்வார். அவருக்குக் கண் மங்கியிருந்ததால் போனில் இருக்கும் எண்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தியிருந்தார்கள். அதனால் வீட்டில் எப்போதும் இருக்கிற ஆள் நான். எண்ணை வாசிப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், அண்ணன் கல்யாணத்துக்கு முந்திப் பாகம் பிரித்தார்கள். பெரியப்பா சங்கரநாராயணன் வந்து பேசினார். வாசுதேவநல்லூர் நஞ்சை அண்ணனுக்கு. குருவிகுளம் புஞ்சை எனக்கு. இது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. பெண்ணுக்கு நிலம் என்று கொடுப்பதே பெரிது என்று பேசிக்கொண்டார்கள். அதோடு எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்பா பண்டையும் சொன்னார்.

பண்டைப் பாகம் பிரித்துப் பெரியப்பாவுக்குப் பழக்கம் இல்லை. ரெண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். நம் நாட்டுப் பண்டு நன்றாக நிற்கிறது, வெளிநாட்டுப் பண்டு இந்த வருஷம் பலமாக விழுந்துவிட்டது என்றார் அப்பா. பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"அப்ப நஞ்சை பையனுக்கு, புஞ்சை பொண்ணுக்கு. இதுல யோசிக்க என்ன கிடக்கு?"

முடிந்துவிட்டது. தராசை உடைத்து ஆளுக்கு ஒரு தட்டைக் கொடுத்த மாதிரி. ரெண்டும் சேர்ந்து ஒருவரிடம் இருந்தால்தான் ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும். அதுதான் அந்தப் பணத்தின் அடிப்படையே. பெரியப்பாவுக்கு அது தெரியாது. அப்பா வருஷா வருஷம் செய்தாலும் அவருக்கு அது மனசில் ஏறவில்லை. அண்ணனுக்குத் தெரியும். அப்பாவுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ரெண்டிலும் எழுபது அவனுக்கு, முப்பது எனக்கு என்று பிரித்திருந்தால்கூட நியாயத்தின் நிழலாவது இருந்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விற்காமல் அப்படியே பேர் மாற்றுவதற்காக அண்ணனே எனக்குப் பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு ஒன்று திறந்தான். என் போன் நம்பரைக் கொடுத்தான். கடவுச்சொல்லை அவனே வைத்தான். அப்போது இன்னொன்றும் சொன்னான். வெளிநாட்டில் போடுவதற்குப் பண்டுகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு வரம்பு இருக்கிறதாம். அது அந்த வருஷ ஆரம்பத்திலேயே நிரம்பிவிட்டதாம். என் பண்டில் இருப்பதை எடுக்கலாம். புதிதாக உள்ளே போட முடியாது. வெளியே மட்டும் திறக்கிற கதவு என்று சொல்லிச் சிரித்தான்.

நான் எடுக்கவில்லை. ஒரு தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு தட்டை நானே செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. தார் சுற்றிக் கிடைக்கிற கூலியில் மாதா மாதம் கொஞ்சம் எடுத்து நம் நாட்டு இண்டெக்ஸ் பண்டில் போட ஆரம்பித்தேன். அதைச் சீட்டில் போட்டால் தட்டுமுட்டுச் சாமானாவது வாங்கலாமே என்று அம்மா திட்டுவாள். போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் அந்தத் தட்டு லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் என்னுடையது.

இந்த மூன்று வருஷத்தில் வெளிநாட்டுப் பண்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகிவிட்டது. நம் நாட்டுப் பண்டும் நன்றாகத்தான் ஏறியது, போன புரட்டாசியிலிருந்துதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அண்ணனுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அவன் தன் பங்கு முழுவதையும் அதற்கு முன்பே விற்று, கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டான். அதை நான் குறை சொல்லவில்லை. அவன் பங்கு, அவன் விற்றான். என்னிடம் கேட்க வேண்டியது இல்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு அடுத்த தவணை கட்ட வேண்டும். இதை அவன் முதலில் சொல்லவே இல்லை. மதினியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தபசு பார்க்க வந்தவன், மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே என் பண்டைப் பற்றி விசாரித்தான். ஏறியிருக்கிறதா என்றான். அவனுக்குத் தெரியாதா? அவன்தானே கடவுச்சொல் வைத்தவன். பிறகுதான் அமெரிக்காவை வைத்து என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டதும், எல்லோரும் சிரித்ததும்.

சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கிப் பேசினான்.

"பேலன்ஸ்னு ஒண்ணு இருக்குல்லா, பொன்மணி. எழுபது முப்பதுன்னு நாமதான பேசி வச்சோம். இப்ப இந்த வீட்டுல பண்டுன்னு கிடக்கது பூரா அமெரிக்காதான். அது நாளைக்கு விழுந்துச்சுன்னா என்ன செய்வ?"

எழுபதை விற்றுத் தின்றவன், முப்பது மட்டும்தானே மிச்சம் இருக்கிறது, ஆபத்து, ஆபத்து என்று பதறுகிறான். நூல் வழுக்கியது.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று அப்பா அவனைக் கேட்டார். பாதிக்கு மேல் விற்று வீட்டுத் தவணைக்குக் கட்டிவிடலாம் என்றான். வீடு எப்படிப் பண்டு ஆகும் என்று அப்பாவே கேட்டார். கேட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீடும் உள்நாட்டுச் சொத்துதானே அப்பா, குடும்பக் கணக்கில் பார்த்தால் எழுபது அங்கே இருக்கிறது என்றான் அவன். அப்பா தலையை ஆட்டினார். எவ்வளவு சுலபமாக ஆட்டினார். பாகம் பிரிக்கும்போது ரெண்டு குடும்பம். என் பக்கம் கூடியதும் ஒரே குடும்பம்.

என்னிடம் சரியா என்று கேட்காமலேயே அண்ணன் தன் போனில் என் கணக்கைத் திறந்து விற்கப் போட்டான். என் போனில் ஓடிபி வந்தது. மிஷின் பலகையில் கிடந்த போன் நடுங்கி நகர்ந்தது.

"நம்பரச் சொல்லுட்டி" என்றார் அப்பா. தண்ணீர் எடுத்துக் கொடு என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

நான் மிஷினை நிறுத்தினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. ஆனாலும் அன்றைக்குச் சொன்னேன்.

"சரிண்ணே. நீ சொல்லுத மாதிரியே பாதிய விக்கேன். வித்து அந்தப் பணத்துல என் பேர்லயே நம்ம நாட்டுப் பண்டு வாங்கிக்கிடுதேன். பேலன்ஸ் ஆயிரும்லா."

அண்ணன் என்னைப் பார்த்தான். கெட்டிக்காரன், அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் சொன்ன நியாயத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. வெளிநாடு என் கையில் கூடிப்போய்க் கிடப்பது நிஜம்தான். அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டியதும் நிஜம்தான். நான் மெதுவாகச் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான். அவனுக்கு வேண்டியது அது இல்லை.

"அப்ப வீட்டுத் தவணை?" என்றான்.

"வீட்டுக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் அப்பா பக்கம் திரும்பினான். "ஊமக்கோட்டானுக்குப் பேச்சு வந்துட்டு, பாத்தியளா? நாஞ் சொல்லிக் குடுத்தத எனக்கே ஒப்பிக்கா."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நாளைக்கு உன்னைக் கட்டிக் கொடுக்கப் போவது யார், சீர் கொண்டு வரப்போவது யார், அண்ணன் மனசு கோணாமல் இருக்க வேண்டாமா என்று அடுக்கினாள். அப்பாவும் அதையே சொன்னார். அண்ணனிடம் கணக்குப் பேசக்கூடாது, உனக்கு ஒன்று என்றால் அவன்தான் வந்து நிற்பான் என்றார். நிற்கட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிற்பதற்கு இப்போதே வாடகை கேட்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பாகம் என்று கிடைத்ததில் என் பேரில் இருக்கிற ஒரே உருப்படி அந்தப் பண்டு. புஞ்சைகூட என் பேரில் பதியவில்லை, வாயால் சொன்னதோடு சரி. இதை விற்றால், விழுந்தாலும் எழுந்தாலும் மறுபடி உள்ளே போக வழி இல்லாத கதவுக்கு வெளியே நிற்பேன். அவன் வீட்டுப் பால்காய்ச்சுக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஓடிபி நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பட்டுமா என்று அண்ணன் அப்பாவைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை. அப்பா அனுப்பச் சொன்னார். போன் மறுபடி நடுங்கியது. அப்பா கையை நீட்டினார்.

நான் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தேன். அதற்கு முன் அப்பா முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்பா, புஞ்சைன்னு சொல்லித்தான எனக்குக் குடுத்தீய. விழுந்து கிடக்கும்போது என் பங்கு. புஞ்சைல மழை பேஞ்சா அது நஞ்சைக்காரனுக்கா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் அவர்களுக்கு. "அண்ணன் வயல்ல இந்தப் போகம் நல்ல விளைச்சல். நான் போயி மூட்டை கேட்டேனா? கேட்டா நீங்க குடுக்கச் சொல்லுவியளா?"

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். நீட்டியிருந்த அதே கைதான். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி தொடையில் வைத்தார். "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றான் அண்ணன். ரெண்டு தடவை சொன்னான்.

அப்பா எழுந்தார். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டித் தெருவில் இறங்கி நடந்தார்.