மூன்றாம் படுக்கையின் வாசகர்

மார்ச் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலுள்ள டயாலிசிஸ் பிரிவில், மூன்றாம் படுக்கைக்காரர் காலை ஷிஃப்டிலிருந்து மதிய ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டார்.

மாற்றியவள் டெக்னீஷியன். புதிதாக வந்த கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் காலையில் இடம் வேண்டியிருந்தது. அப்படி யாராவது வந்தால், வீடு பக்கத்தில் இருப்பவரை மதியத்துக்கு அனுப்புவது அந்தப் பிரிவின் வழக்கம். வீடு பக்கத்தில் இருந்தது அதே ஷிஃப்டில் வரும் லாரி டிரைவருக்கு. அவள் அனுப்பியது மூன்றாம் படுக்கையில் இருந்த, இரண்டு பஸ் மாறி வரும் ஓய்வுபெற்ற கண்டக்டரை.

"கம்ப்யூட்டர்ல அப்படி வந்திருக்குய்யா" என்று சொல்லிவிட்டாள்.

காரணம் ஒரு புத்தகம். நாலாம் படுக்கைத் தையல்காரம்மா கொண்டுவந்த விண்வெளிக் கதை. ஒரு சரக்குக் கப்பல். அதில் ஒருவருக்கொருவர் சொந்தமோ பந்தமோ இல்லாத ஐந்து பேர். படையை விட்டு ஓடிவந்த சிப்பாய், காது கேளாத மெக்கானிக், பொய் சொல்லாமல் ஒரு வேளை சமைக்கத் தெரியாத சமையல்காரி என்று ஆளுக்கொரு தினுசு. அதில் குண்டு வெடிப்பதைவிட, யாருடைய பங்குத் தண்ணீரை யார் குடித்தது என்ற சண்டைதான் அதிகம். முதல் அத்தியாயத்திலேயே அறை மொத்தமும் கதைக்குள் விழுந்துவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் காலையில் வரும் நாலு படுக்கைக்காரர்களும் முறை வைத்துச் சத்தமாகப் படித்தார்கள். ஒரு கை மிஷினோடு கட்டுண்டு கிடக்கும், மறுகையில் புத்தகம். பக்கம் புரட்டுவது டெக்னீஷியன். அதனால் அவளுக்குக் 'கேப்டன்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

கண்டக்டர் முறை வந்தால் கதை நகராது. ஆளுக்கொரு குரல் கொடுப்பார். பாதியில் நிறுத்துவார்.

"இருங்க, இருங்க. இந்தப் பொம்பளை இப்ப எதுக்குப் பொய் சொல்றா?"

"படிச்சாத்தானே தெரியும்? வண்டியை எடுங்க கண்டக்டரே" என்பார் லாரி டிரைவர்.

"டிரைவர் நீ. நான் விசில்தான் குடுக்க முடியும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், பக்க ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு. மாற்றத்துக்கு முந்தின சனிக்கிழமை மெக்கானிக் கப்பலுக்கு வெளியே மாட்டிக்கொண்டான், காற்று தீர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் கண்டக்டர் இரண்டு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஷிஃப்ட் பட்டியலில் கை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா படித்தாள். கதை பறந்தது. சரக்கை நடுவழியில் உதறிவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவரக் கப்பல் திரும்பியது. "அவன் இல்லேன்னா இது வெறும் தகரம்" என்றான் சிப்பாய்.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம கண்டக்டர் படிச்சிருந்தா இன்னும் அழ வெச்சிருப்பாரு" என்றார் டிரைவர்.

டெக்னீஷியன் தேவையில்லாமல் போய் மிஷினில் அளவைப் பார்த்தாள்.

அவளுக்கு இரண்டு ஷிஃப்டும் உண்டு. வியாழன் மதியம் கண்டக்டர் கையில் ஊசி ஏற்றும்போது அவர் கேட்டார்.

"கேப்டன், மெக்கானிக் பொழைச்சானா?"

"பொழைச்சான்யா. திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதானே! விட்டுருவாங்களா?" முகம் மலர்ந்தது. "இங்க டிவிதான் ஓடுது. யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல. காலையிலன்னா மக கூட வருவா. இப்ப அவளுக்கு ஆபீஸ். செவ்வாய்க்கிழமை முடிச்சுட்டுப் போறப்ப பஸ் ஸ்டாப்புல தலை சுத்திருச்சு. ஒரு மணி நேரம் எழுந்திரிக்க முடியல. கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் எங்க தெரியும்!"

அவள் பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டினாள். அது கோணலாக ஒட்டியது.

"கம்ப்யூட்டர் இல்லய்யா. நான்தான் மாத்தினேன்."

"ஏம்மா?"

"நீங்க மெதுவாப் படிக்கிறீங்கன்னு."

அவர் ரத்தம் ஓடும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேகமாப் படிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவள் பிளாஸ்டரை உரித்து நேராக ஒட்டினாள்.

"காலையில இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு." அதற்குப் பிறகு அவர் அவளைக் கேப்டன் என்று கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை சொன்னாள். டிரைவர் புத்தகத்தை மூடி வைத்தார். "எங்க ஆளை எங்களைக் கேக்காம எப்படி அனுப்பலாம்?" என்றாள் தையல்காரம்மா. அன்றே டெக்னீஷியன் நடந்ததை டாக்டரிடமும் எழுதிக் கொடுத்தாள்.

மாதத்துக்கு ஒருவர் மதியத்துக்குப் போவது என்று கண்டக்டரையும் சேர்த்துப் பழைய நால்வரும் முடிவு செய்தார்கள். முதலில் போனவர் டிரைவர். ஏப்ரல் முதல் தேதி கண்டக்டர் காலை ஷிஃப்டுக்குத் திரும்பினார். டெக்னீஷியனுக்கு இரண்டு மாதம் தரைத்தளத்தில், தண்ணீர் சுத்திகரிப்பு அறையில் வேலை போட்டார் டாக்டர். புத்தகம் மே மாதம் முடிந்தது. அதன் முடிவை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.