பெயரை மூடிய அட்டை

என் புருஷன்மேல் எனக்குச் சந்தேகம். இல்லாமல் எப்படி இருக்கும்? எங்கள் முன்னறைச் சுவரில் என் தம்பி எலியா வரைந்த படம் தொங்கியது. குளத்தூர்க் குளக்கரை, அதில் இடப்பக்கம் வளைந்த ஒற்றைப் பனை, கீழ் மூலையில் அவன் பெயர். ஒருநாள் படச் சட்டத்தில் கறையான் என்று சொல்லி ஈசாக் அதைக் கழற்றினார். மறுபடி மாட்டியபோது படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை அட்டை. எலியாவின் பெயரைக் காணோம்!

"இது என்ன கூத்து? எனக்க தம்பிக்க பேரு எங்க?"

"கண்ணாடி படத்துல ஒட்டிச்செண்ணா ஈரத்துல சாயம் போயிரும் பிள்ளே. இடையில அட்டை வைக்கணும்."

"அதுக்குப் பேரை மூடணுமா?"

"அளவு தப்பிப் போச்சு."

அளவு தப்பியதாம்! சட்டைக்குப் பொத்தான் தைத்தால்கூட ஸ்கேல் வைத்துப் பார்க்கிற மனுஷன்.

மலையாளச் சீமையிலிருந்த தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த ஐம்பத்துநாலாம் வருஷம் அது. பாறசாலைச் சுவர்களில் விடிவதற்குள் போஸ்டர் ஏறிவிடும். எல்லாவற்றிலும் அதே வளைந்த பனை. வரைகிறவன் யாரென்று போலீசுக்குத் தெரியாது. எனக்கும் ஈசாக்குக்கும் தெரியும். எலியா ஊர்வலத்தில் தடியடி பட்டு, விலா எலும்பு முறிந்து, அம்பூரி ரப்பர் தோட்டத்தில் ஒளிந்து கிடந்தான். இன்னொரு அடி விழுந்தால் பிழைக்க மாட்டான்.

ஈசாக்குக்கோ நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. கான்ஸ்டபிள் சோமன் எங்கள் வீட்டுக்குச் சாயா குடிக்க வருகிறவர். முன்பெல்லாம் சுவரைத் திரும்பிப் பார்க்காதவர்; அட்டை ஏறிய பிறகு வந்தால் அவர் கண் அந்தப் படத்தில்தான் இருக்கும். சனிக்கிழமை முற்றத்தில் இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு மழைக்கு மாறியது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என் தம்பியைக் காட்டிக்கொடுக்கப் போகிறார், அதற்கு முன்னால் உறவை மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஈசாக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். நான் படத்தைக் கழற்றினேன். கறிக்கத்தியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பி அட்டையை எடுத்தேன். எலியா என்ற பெயரைப் பிளேடால் சுரண்டியிருந்தது. அந்த இடத்தில், நீல மையில், ஈசாக்.

அட திருட்டுப் பாவி! என் தம்பியைக் காட்டிக்கொடுப்பது போதாதென்று அவன் படத்தையும் திருடுகிறாரா?

"ஈசாக் சாரு உண்டோ?" என்று கேட்டுக்கொண்டே சோமன் உள்ளே வந்தார். கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர். என் மடியிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். அதே பனை. குனிந்து மூலையைப் படித்தார். அதற்குள் ஈசாக் ஈரத் தோர்த்துத் துண்டோடு வந்து நின்றார்.

"போஸ்டர் தான்தான் வரச்சதுன்னு சாரு நேத்தே சொன்னாரு. எனக்கு விசுவாசம் வரல்ல. அதாக்கும் பேரு பாக்க வந்தேன்," என்றார் சோமன். பிறகு என் பக்கம் திரும்பினார். "சேச்சி சொல்லணும். இது ஆரு வரச்சது?"

ஈசாக் என் வாயையே பார்த்தார். நான் எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் அட்டை வைத்து மூடினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எலியாவுக்கு விழ வேண்டிய அடியை இவர் தன்மேல் வாங்கிக்கொள்கிறார்; நான் தடுத்துவிடக் கூடாதென்றுதான் மறைத்திருக்கிறார்.

"வேற ஆரு? இந்த மனுசன்தான்!" என்று கத்தினேன். "ஒரு பனையை நேரா வரையத் தெரியாத ஆளாக்கும்! ராத்திரியானா மையும் பிரஷும் தூக்கிட்டு ஓடினா குடும்பம் உருப்படுமா? கொண்டு போங்க! ரெண்டு நாளு உள்ள கெடந்தா புத்தி வரும்!"

நான் புருஷனை ஏசுவது ஊருக்கே தெரிந்த விஷயம். சோமன் நம்பிவிட்டார்.

ஈசாக் சட்டை மாட்டிக்கொண்டார். பொத்தான்களை மெதுவாகப் போட்டார். "வாறேன் பிள்ளே," என்றார்.

"வேகம் வாருங்க," என்றேன்.

அவர்கள் தலை மறைந்ததும் படத்தைச் சட்டத்தில் வைத்து ஆணிகளை அடித்தேன். சுவரில் பழைய இடத்திலேயே மாட்டினேன். அட்டையை அடுப்பில் போட்டேன். இனி யார் வந்து பார்த்தாலும் என் புருஷன் பெயர் முதலில் கண்ணில் படட்டும்.